யூரியா இறங்கிவிட்டது, நச்சு இறங்கியதா?

டயாலிசிஸ் முடிந்து வந்த ரிப்போர்ட்டில் யூரியா 140-லிருந்து 42-க்கு வந்திருக்கிறது. எழுபது சதவீதம் குறைவு. நோயாளிக்கு நிம்மதி, டெக்னீஷியனுக்கும் நிம்மதி. டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்த அதே இரண்டு டியூப்களில், இன்னொரு கழிவான இண்டாக்சில் சல்ஃபேட்டையும் அளந்து பாருங்கள். வழக்கமான ஹீமோடயாலிசிஸில் அது மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தாலே பெரிது. மெஷின் அதே மெஷின், நேரமும் அதே நான்கு மணி நேரம். அப்படியிருந்தும் ஒன்று கழுவப்பட்டது, இன்னொன்று தங்கிவிட்டது. சிறுநீரகம் செயலிழந்து ரத்தத்தில் கழிவு தேங்கி உடலைக் கெடுப்பதுதான் யூரிமியா. யூரிமிக் நச்சு ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

சிறுநீரகம் செயலிழந்தால் யூரியா ரத்தத்தில் சேர்கிறது என்பது 1821-லேயே தெரிந்துவிட்டது. பிரெவோ, துமா என்ற ஆய்வாளர்கள் விலங்குகளின் சிறுநீரகங்களை அகற்றிப் பார்த்துக் கண்டது அது. ஆனால் சேர்வதெல்லாம் கெடுப்பதாக இருக்க வேண்டியதில்லை. 1972-ல் சவ்வின் மறுபக்கம் ஓடும் திரவமான டயாலிசேட்டிலேயே யூரியாவைக் கலந்து, நோயாளியின் ரத்தத்தில் அது குறையாமல் வைத்துப் பார்த்தார்கள். மற்ற கழிவுகள் மட்டும் வெளியேறின. யூரியா மிக அதிகமாக ஏறிய பிறகுதான் தலைவலி, வாந்தி, ரத்தக் கசிவு போன்றவை வந்தன. யூரியா முற்றிலும் சாது என்று இதற்கு அர்த்தமில்லை. அதிலிருந்து உருவாகும் சயனேட் புரதங்களில் ஒட்டி அவற்றை மாற்றிவிடுகிறது. ஆனாலும் யூரிமியாவின் முழுப் பாரத்தையும் யூரியா தலையில் சுமத்த முடியாது.

ஐரோப்பிய யூரிமிக் நச்சு ஆய்வுக் குழு 2003-ல் 90 பொருள்களைப் பட்டியலிட்டு மூன்று கூட்டமாகப் பிரித்தது. டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு. 500 டால்டனுக்குக் கீழே, நீரில் கரைந்து தனியாகத் திரிபவை முதல் கூட்டம்: யூரியா 60 டால்டன், கிரியேட்டினின் 113. 500-க்கு மேற்பட்ட நடுத்தர மூலக்கூறுகள் இரண்டாவது: பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் ஏறத்தாழ 11,800. மூன்றாவது கூட்டம் உருவத்தில் சிறியது, ஆனால் ரத்தப் புரதமான ஆல்புமினைப் பற்றிக்கொண்டே இருக்கும்: இண்டாக்சில் சல்ஃபேட், பாரா-கிரெசில் சல்ஃபேட், இண்டோல் அசெட்டிக் அமிலம். முதல் கூட்டத்துக்கு டயாலிசிஸே போதும். இரண்டாவதற்குத் துளை பெரிய சவ்வும் ஹீமோடயாஃபில்ட்ரேஷனும் (திரவத்தையும் சவ்வு வழியாக இழுத்து, அதற்கு மாற்றுத் திரவம் ஏற்றும் டயாலிசிஸ்) உதவுகின்றன. மூன்றாவதுதான் படுத்துகிறது. இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றியே.

ஒரு சின்னக் கணக்கு. ரத்தத்தில் இண்டாக்சில் சல்ஃபேட் லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 95 சதவீதம் ஆல்புமினோடு ஒட்டியிருக்கிறது. அப்படியானால் ஒட்டாமல் திரிவது 1.5 மில்லிகிராம். ஆல்புமின் 66,000 டால்டனுக்கு மேல், அது சவ்வைத் தாண்டாது. தாண்டவும் கூடாது. ஆகவே சவ்வு உள்ள வடிகட்டியான டயாலைசருக்குக் கைக்கு எட்டுவது அந்த 1.5 மட்டுமே. அது வெளியேறியதும் ஆல்புமின் கொஞ்சம் விடும், அதுவும் வெளியேறும், மறுபடி கொஞ்சம் விடும். நான்கு மணி நேரமும் இந்தச் சொட்டு வியாபாரம்தான் நடக்கிறது. இதிலிருந்து நடைமுறையில் ஒன்று புரிகிறது. யூரியாவை அதிகம் எடுக்க வேண்டுமானால் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவோம். ஒட்டிய நச்சுக்கு அது பெரிதாக உதவாது. சவ்வின் பரப்பையும் டயாலிசேட் ஓட்டத்தையும் கூட்டினால்தான் வேலை நடக்கும், ஏனென்றால் இங்கே தட்டுப்பாடு ஒட்டாத பங்குக்கு. அப்படிக் கூட்டியும் ரத்தத்தில் நச்சின் அளவு அதே விகிதத்தில் இறங்குவதில்லை என்பது வேறு ஏமாற்றம்.

இவை எங்கே பிறக்கின்றன என்பதைப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். சாப்பாட்டுப் புரதத்தில் உள்ள டிரிப்டோஃபேனில் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாவின் டிரிப்டோஃபனேஸ் அதை இண்டோலாக்குகிறது. இண்டோல் கல்லீரலுக்குப் போய் ஆக்சிஜனேற்றம் பெற்று, சல்ஃபேட் ஏறி, இண்டாக்சில் சல்ஃபேட்டாக வெளிவருகிறது. டைரோசினும் ஃபினைல்அலனினும் அதே வழியில் பாரா-கிரெசாலாகி, பாரா-கிரெசில் சல்ஃபேட் ஆகின்றன. பெருங்குடல் அகற்றப்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளையும் பெருங்குடல் உள்ளவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வந்தது. அகற்றப்பட்டவர்களிடம் இந்த இரண்டும் இல்லையென்றே சொல்லும் அளவுக்குக் குறைந்திருந்தன. ஆக, டயாலைசர் இறைக்க இறைக்க ஊற்று பெருங்குடலில் சுரந்துகொண்டே இருக்கிறது.

நல்ல சிறுநீரகம் இவற்றை வடிகட்டி வெளியேற்றுவதில்லை. புரதத்தோடு ஒட்டியதை எப்படி வடிகட்டும்? அருகாமை நுண்குழலின் செல்களில் ஓஏடி-1, ஓஏடி-3 என்ற கடத்திகள் இருக்கின்றன. அவை ரத்தப் பக்கத்திலிருந்து ஒட்டாத மூலக்கூறைச் செல்லுக்குள் இழுக்கின்றன, அங்கிருந்து அது சிறுநீருக்குள் போகிறது. இழுக்க இழுக்க ஆல்புமின் விட்டுக்கொண்டே இருக்கும். இந்த வேலை 24 மணி நேரமும் நடக்கிறது. வாரத்துக்கு 12 மணி நேர மெஷின் இதற்கு ஈடாகாததில் வியப்பில்லை.

இனி அளக்கும் விஷயம். இந்தத் துறையில் முரண்பட்ட முடிவுகள் வருவதற்கு நோயாளியின் உடலைக் காட்டிலும் டியூபும் ஃப்ரீசரும் பைப்பெட்டும் காரணமாக இருப்பது அதிகம் என்பது என் உறுதியான கருத்து. மிகப் பெரிய எடுத்துக்காட்டு பாரா-கிரெசால். பல ஆண்டுகள் ஆய்வுக் கட்டுரைகளில் "பாரா-கிரெசால் அளவு" என்றே எழுதி வந்தார்கள். செல் வளர்ப்புச் சோதனைகளிலும் பாரா-கிரெசாலையே ஊற்றினார்கள். உண்மையில் நோயாளியின் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் அதன் சல்ஃபேட் வடிவம். புரதத்தை அகற்ற வலுவான அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கும்போது சல்ஃபேட் கழன்று பாரா-கிரெசால் உருவாகிறது. சாம்பிளைத் தயார் செய்யும் முறையே ஒரு நச்சைப் படைத்துக் காட்டியது. 2005-ல்தான் இது தெளிவாக வெளியே வந்தது. அதற்கு முந்தைய கட்டுரைகளைப் படிக்கும்போது புரதத்தை எதனால் அகற்றினார்கள் என்ற வரியை முதலில் தேடுங்கள். மெத்தனால், அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பான் என்றால் சல்ஃபேட் பிழைக்கும். சூடான வலுவமிலம் என்றால் பிழைக்காது.

எல்சி-எம்எஸ் கருவியில் (மூலக்கூறுகளைப் பிரித்து எடையால் அடையாளம் காண்பது) அளப்பவர்கள், டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் ஏற்றிய உள்தரப் பொருளை (ஒப்பிடத் தெரிந்த அளவில் சேர்க்கும் அதே மூலக்கூறு) புரதத்தை அகற்றுவதற்கு முன்பே சேர்த்து, ஆல்புமினோடு கலந்து சமநிலை அடையச் சில நிமிடம் விட வேண்டும். சேர்த்த கையோடு கரைப்பானை ஊற்றினால், ஒட்டியிருக்கும் நோயாளி மூலக்கூறும் ஒட்டாத உள்தர மூலக்கூறும் வேறு வேறு விதமாக வெளிவரும். எண் அழகாகத்தான் இருக்கும், சரியாக இருக்காது.

தரக் கரைசல் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) தயாரிப்பில் அடிக்கடி நடக்கும் தவறு இன்னொன்று. இண்டாக்சில் சல்ஃபேட் கடையில் பொட்டாசியம் உப்பாகக் கிடைக்கிறது. உப்பின் மூலக்கூறு எடை 251.3, நமக்கு வேண்டிய பொருளின் எடை 213.2. 10 மில்லிகிராம் உப்பை நிறுத்தால் உள்ளே இருப்பது 8.5 மில்லிகிராம்தான். இதைத் திருத்தாமல் 10 என்று லேபிள் ஒட்டிவிட்டால் எல்லா நோயாளிகளின் அளவும் 18 சதவீதம் கூடுதலாக வரும். இரண்டு ஆய்வகங்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொள்ள இது போதும். ஒரு மில்லிகிராம்/லிட்டர் என்பது 4.69 மைக்ரோமோல்/லிட்டர். எந்த அலகில் எழுதினாலும் எதை மூலக்கூறு எடையாக எடுத்தோம் என்பதைச் சேர்த்து எழுதுவது நல்லது. செல் வளர்ப்பில் இதே உப்பைச் சேர்ப்பவர்கள் ஒப்பீட்டுக் கிண்ணத்தில் அதே மோல் அளவு பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் பொட்டாசியம் செய்த வேலையை நச்சின் கணக்கில் எழுதிவிடுவோம். வளர்ப்புத் திரவத்தில் ஆல்புமினே இல்லாமல் நோயாளியின் மொத்த அளவான 30 மில்லிகிராமை ஊற்றுவது இன்னும் மோசம். உடலில் 1.5-ஐப் பார்க்கும் செல்லுக்கு இருபது மடங்கு கொடுத்துவிட்டு, செல் செத்துப்போனது என்று எழுதுகிறோம்.

ஒட்டாத பங்கை அளப்பது தனிக் கலை. பொதுவாக 30,000 டால்டன் துளை உள்ள வடிகட்டி டியூபில் பிளாஸ்மாவை ஊற்றி, 37 டிகிரியில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் இறங்கும் வடிநீரில் அளப்பார்கள். குளிர்ந்த சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் ஒட்டும் தன்மை மாறிவிடும். பிளாஸ்மாவைத் திறந்து வைத்தால் கார்பன் டைஆக்சைடு பறந்து காரத்தன்மை ஏறும், அதனாலும் மாறும். புரதமே இல்லாத கரைசல் ஒன்றை அதே வடிகட்டியில் ஓடவிட்டு, போட்டது முழுவதும் கீழே வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் சவ்வே உறிஞ்சுகிறது என்று அர்த்தம். அடுத்தது கசிவு. வடிகட்டி வழியாக வெறும் ஒரு சதவீத ஆல்புமின் இறங்கினால் என்ன ஆகும்? ஒட்டியிருந்த 28.5 மில்லிகிராமில் ஒரு சதவீதம், அதாவது 0.285, வடிநீரில் சேர்ந்துவிடும். உண்மையான 1.5 இப்போது 1.785 ஆகத் தெரியும், கிட்டத்தட்ட 19 சதவீதப் பிழை. ஆகவே வடிநீரில் ஆல்புமின் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு தொகுப்பிலும் பார்த்தே ஆக வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் செய்யும் குழப்பம் பலருக்குத் தெரியாது. அது ரத்தக் குழாய்ச் சுவரிலிருந்து லிப்பேஸை விடுவிக்கிறது. லிப்பேஸ் கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பெருக்குகிறது. அவையும் ஆல்புமினில்தான் போய் உட்காரும், உட்கார்ந்திருக்கும் நச்சைக் கிளப்பிவிடும். சாம்பிள் மேஜையில் கிடக்கும் நேரத்திலும் இது தொடரும். எனவே டயாலிசிஸுக்கு முந்தைய சாம்பிளை ஹெப்பாரினும் சலைனும் ஏறுவதற்கு முன், ஊசி குத்திய உடனே எடுக்க வேண்டும். பிந்தைய சாம்பிளை எடுத்த உடனே பனியில் வைத்து, சீக்கிரம் பிரித்து, ஃப்ரீசருக்கு அனுப்ப வேண்டும். எல்லா நோயாளிக்கும் ஒரே வகை டியூப்.

பிந்தைய சாம்பிள் எடுக்கும் விதமும் முக்கியம். நீரை இழுக்கும் அல்ட்ராஃபில்ட்ரேஷனை நிறுத்திவிட்டு, ரத்த ஓட்டத்தை நிமிடத்துக்கு 100 மில்லியாகக் குறைத்து, 15 விநாடி கழித்துத் தமனி லைனில் எடுப்பது வழக்கம். முழு வேகத்தில் ஓடும்போது எடுத்தால், ஃபிஸ்துலாவில் (ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) மறுசுழற்சி இருக்கும் நோயாளிக்குச் சுத்தமான ரத்தமே டியூபுக்குள் வந்து, டயாலிசிஸ் பிரமாதம் என்று காட்டும்.

பிறகு ரத்தம் செறிவடைவதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று லிட்டர் நீரை இழுத்த பிறகு ஆல்புமின் 38-லிருந்து 43 கிராம்/லிட்டருக்கு ஏறியிருக்கும். இண்டாக்சில் சல்ஃபேட் 30-லிருந்து 22.6-க்கு வந்திருந்தால் பார்வைக்கு 25 சதவீதக் குறைவு. 22.6-ஐ 38-ஆல் பெருக்கி 43-ஆல் வகுத்தால் 20. உண்மைக் குறைவு 33 சதவீதம். பீட்டா-2 மைக்ரோகுளோபுலினுக்கு வேறு திருத்தம்: இழந்த எடையை, முடிவு எடையின் ஐந்தில் ஒரு பங்கால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, அதனால் பிந்தைய அளவை வகுக்க வேண்டும். முடிவு எடை 60 கிலோ, இழப்பு 3 கிலோ என்றால் 3-ஐ 12-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட 1.25. 28-லிருந்து 12-க்கு வந்த அளவு திருத்தத்துக்குப் பின் 9.6 ஆகும். 57 சதவீதம் 66 ஆகிறது. ஒரு கட்டுரை திருத்தியும் இன்னொன்று திருத்தாமலும் எழுதினால், இரண்டு டயாலைசர்களை ஒப்பிடுவதாக நினைத்து இரண்டு சூத்திரங்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

இந்தத் தலைவலியெல்லாம் வேண்டாமென்றால் வெளியேறிய டயாலிசேட்டையே அளக்கலாம். நிமிடத்துக்கு 500 மில்லி, 240 நிமிடம், 120 லிட்டர். இழுத்த 3 லிட்டரையும் சேர்த்து 123. முழுவதையும் ஒரு தொட்டியில் பிடித்து நன்றாகக் கலக்கி எடுக்கலாம். அல்லது கழிவு லைனிலிருந்து சிறு பம்ப் மூலம் ஒரே சீராக நான்கு மணி நேரமும் துளித் துளியாகச் சேகரிக்கலாம். செறிவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் வெளியேறியது 123 மில்லிகிராம். பிளாஸ்மாவில் 30, டயாலிசேட்டில் 1 என்பதால் கருவியின் சைகையைச் செறிவாக மாற்றும் ஒரே அளவீட்டுக் கோட்டை இரண்டுக்கும் பயன்படுத்தக் கூடாது. டயாலிசேட்டுக்கெனத் தாழ்ந்த அளவில் தனிக் கோடு வரைய வேண்டும். சவ்வில் ஒட்டிக்கொண்டது மட்டும் இந்தக் கணக்கில் தப்பிவிடும். மற்றபடி இதைவிட நேர்மையான எண் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, நச்சைக் குறைத்தால் நோயாளி நன்றாக இருக்கிறாரா? இங்கேதான் மனம் கனக்கிறது. 2002-ல் வெளியான ஹீமோ ஆய்வில் 1,846 பேர். யூரியாவை வழக்கத்தைவிட அதிகமாகக் கழுவியும் இறப்பு குறையவில்லை. வாரத்தில் ஆறு நாள் டயாலிசிஸ் செய்து பார்த்த ஆய்வின் சாம்பிள்களைப் பின்னாளில் அளந்தபோது, ஒட்டிய நச்சுகளின் அளவு பெரிதாக இறங்கவில்லை. குடலிலேயே பிடிக்கலாம் என்று ஏஎஸ்டி-120 என்ற கரி உருண்டை மருந்து வந்தது. ஜப்பானில் 1991 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. நாளைக்கு 6 கிராம், 200 மில்லிகிராம் கேப்சூலாக எடுத்தால் 30 கேப்சூல். மற்ற மருந்துகளையும் உறிஞ்சிவிடும் என்பதால் உணவுக்கும் மருந்துக்கும் நடுவில், நேரம் பார்த்து விழுங்க வேண்டும். டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இரண்டு எபிக் ஆய்வுகளின் முடிவு 2015-ல் வந்தது. சிறுநீரக நோய் முற்றுவதை அது தடுக்கவில்லை. அத்தனை மருந்தையும் எத்தனை பேர் வேளை தவறாமல் விழுங்கியிருப்பார்கள் என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதை மட்டும் சாக்காகச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

மறுபக்கம், 2023-ல் வெளியான கன்வின்ஸ் ஆய்வு நம்பிக்கை தருகிறது. 1,360 பேரில், ஒரு அமர்வுக்கு 23 லிட்டருக்குக் குறையாத கன்வெக்‌ஷன் அளவோடு (சவ்வு வழியாக இழுக்கும் மொத்தத் திரவம்) ஹீமோடயாஃபில்ட்ரேஷன் செய்தவர்களில் 17.3 சதவீதமும், துளை பெரிய சவ்வோடு வழக்கமான டயாலிசிஸ் செய்தவர்களில் 21.9 சதவீதமும் இறந்தார்கள். இது நடுத்தர மூலக்கூறுகள் போனதாலா, ரத்த அழுத்தம் நிலையாக இருந்ததாலா என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை. 23 லிட்டரை எட்ட நல்ல ரத்த ஓட்டம் வேண்டும், அதற்கு நல்ல ஃபிஸ்துலா வேண்டும். சராசரியைவிடத் திடமான நோயாளிகளே அப்படிப்பட்ட ஆய்வுக்குள் வருவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ரத்தத்தில் உள்ள நச்சின் அளவையும் இறப்பையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வுகளில் இரண்டு பள்ளங்கள் உண்டு. டயாலிசிஸுக்கு முந்தைய நோயாளிகளில் நச்சு அளவு சிறுநீரகச் செயல்பாட்டின் நிழல்போல நடக்கும். அதைக் கணக்கில் கழிக்காமல் நச்சுதான் கொன்றது என்று சொல்ல முடியாது. டயாலிசிஸ் நோயாளிகளில் இதற்கு நேர்மாறு: பசியில்லாமல் புரதம் சாப்பிடாதவருக்கு நச்சு குறைவாக இருக்கும், ஆனால் அவர்தான் மெலிந்து முதலில் சரிவார். ஹீமோ சாம்பிள்களைக் கொண்டு 2017-ல் செய்த அலசலில் மொத்தக் கூட்டத்தில் தொடர்பு தெரியவில்லை. ஆல்புமின் குறைந்தவர்களிடம் மட்டும் இண்டாக்சில் சல்ஃபேட்டுக்கும் இதய இறப்புக்கும் தொடர்பு தெரிந்தது. ஆல்புமின் குறைந்தால் ஒட்டாத பங்கு கூடும் என்பதோடு வைத்துப் பார்த்தால் அது யோசிக்க வைக்கிறது.

ஆய்வு தொடங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே நோயாளியிடம் வாரத்துக்கு வாரம் இந்த அளவுகள் நிறைய ஆடும். ஒரே ஒரு தொடக்கச் சாம்பிளை நம்பினால் ஆட்டத்தையே மருந்தின் பலனாக எண்ணிவிடுவோம். வாரத்தின் நடு அமர்வில், இரண்டு மூன்று வாரம் எடுத்துச் சராசரி பாருங்கள். சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா, மலச்சிக்கல் உண்டா, பாஸ்பேட்டைக் குறைக்க எந்த மாத்திரை எடுக்கிறார் என்பதைக் கேஸ் தாளில் எழுதுங்கள். பொட்டாசியத்துக்குப் பயந்து பழம் காய்களைக் குறைத்தவருக்கு நார்ச்சத்து குறையும், மலம் பெருங்குடலில் தங்கும், பாக்டீரியா மாவுச்சத்து கிடைக்காமல் புரதத்தை நொதிக்க வைக்கும். செரிக்காத மாவுச்சத்தைக் கொடுத்து இண்டாக்சில் சல்ஃபேட்டைக் குறைத்துக் காட்டிய சிறு ஆய்வு 2014-ல் வந்தது. ஆயுள் கூடியது என்று காட்டும் ஆய்வு அல்ல அது. அதற்கான ஆள் எண்ணிக்கையும் அதில் இல்லை.

ஆல்புமினிலிருந்து நச்சைக் கிளப்பிவிடும் யோசனையும் உண்டு. 2019-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில் டயாலிசிஸ் நடக்கும்போதே தமனி லைனில் இபுபுரூஃபென் செலுத்தினார்கள். அதுவும் ஆல்புமினின் அதே இருக்கைக்குப் போட்டியிடும். நச்சு வெளியேறும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் கூடியது. கருத்து சரி என்பதற்கு இது சான்று. நோயாளிகளே, தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வலி மாத்திரையைத் தொடாதீர்கள். டயாலைசருக்கு முன்னால் சில நிமிடம் செலுத்துவது வேறு, வீட்டில் விழுங்குவது வேறு. விழுங்கினால் மிச்சமிருக்கும் சிறுநீரகமும் போய்விடும்.

அந்த மிச்சம் பெரிய சொத்து. நாளைக்கு அரை லிட்டர் சிறுநீர் போகிறவருக்கு நுண்குழல் கடத்திகள் இன்னும் வேலை செய்கின்றன. ஒரு சொட்டும் போகாதவரோடு ஒப்பிட்டால் ஒட்டிய நச்சுகளில்தான் அவருக்கு லாபம் அதிகம். இருவருக்கும் கேடி/வி (யூரியாவை எவ்வளவு கழுவினோம் என்ற அளவு) 1.4 என்று ஒரே எண் வந்திருக்கலாம். இவர்களை ஒரே குழுவில் கலந்துவிட்டு எந்தச் சிகிச்சையை ஒப்பிட்டாலும் முடிவு குழம்பும். ஆய்வில் சேர்க்கும்போதே பிரித்து ஒதுக்க வேண்டும். அந்த மிச்சத்தை அளக்க 24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பு போதாது. ஒரு டயாலிசிஸ் முடிந்ததும் சிறுநீர்ப்பையைக் காலி செய்யச் சொல்லி, அதைச் சேர்க்காமல் விட்டு, அங்கிருந்து அடுத்த டயாலிசிஸ் தொடங்கும் நிமிடம் வரை போகும் ஒவ்வொரு முறையையும் கேனில் சேர்க்க வேண்டும். படுக்கையில் ஏறும் முன் போவதுதான் கடைசி, அதையும் சேர்க்க வேண்டும். மலம் கழிக்கும்போது போன சிறுநீர் தவறிப்போயிருந்தால் திட்டாமல் கேட்டு, அப்படியே குறித்து வையுங்கள். கேனின் மேல் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் நிமிடக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும், முதல் டயாலிசிஸின் பிந்தைய சாம்பிளும் அடுத்ததன் முந்தைய சாம்பிளும் அதே கேன் எண்ணோடு ஃப்ரீசரில் இருக்க வேண்டும்.